மெதுவான கைகளின் பட்டியல்

அந்த விளையாட்டை நான் எழுதியதற்குக் காரணம் ஒரு பூட்டு. செம்பூரில் நான் வேலை பார்த்த அலுவலகத்தில் மத்தியானம் ஒரு மணிக்கு மேனேஜர் சாப்பிட வீட்டுக்குப் போவார். போகும்போது கம்ப்யூட்டர் அறையின் வெளிக் கிரில்லை இழுத்துப் பூட்டி, சாவியைப் பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போய்விடுவார். உள்ளே நாங்கள் ஏழு பெண்கள். ஏன் என்று கேட்டால், நீங்கள் வெளியே போய் வந்தால் தூசி வரும், மிஷின் கெட்டுப்போகும் என்பார். கழிப்பறை கிரில்லுக்கு உள்ளேயே இருந்தது, அதுவரைக்கும் புண்ணியம். ஏ.சி. மட்டும் பனிக்கட்டி மாதிரி அடிக்கும். செருப்பை வெளியே கழற்றிவிட்டு, வெறுங்காலோடு, சால்வையைப் போர்த்திக்கொண்டு மோர்சாதம் சாப்பிட்டிருக்கிறேன், பம்பாயில், மே மாதத்தில்!

பிடிக்கவில்லை என்றால் வேலையை விட்டுவிட்டுப் போக வேண்டியதுதானே என்று இப்போது என் பெண் கேட்கிறாள். எங்கே போவது? அப்போதெல்லாம் கம்ப்யூட்டர் வேலையில் சேர்ந்தால் பாண்டு எழுதி வாங்குவார்கள். நாங்கள் பயிற்சி கொடுத்திருக்கிறோம், இரண்டு வருஷம் அசையக் கூடாது என்று கையெழுத்து. கூடவே டிகிரி சர்டிபிகேட்டின் அசலும் அவர்களிடம். என் பி.எஸ்ஸி. கணிதம், மார்க் ஷீட்டோடு சேர்த்து, மேனேஜரின் ஸ்டீல் பீரோவில் படுத்திருந்தது. போதாக்குறைக்கு அவர் அப்பாவுக்குத் தெரிந்தவர். மாட்டுங்காவில் ஒரே பஜனை கோஷ்டி. வீட்டுக்கு வந்தால் மாமா, ஆபீஸில் சார். என்னைச் சேர்த்துவிட்டதே அவர்தான் என்பதால், அவரைப் பற்றி நான் ஒரு வார்த்தை முணுமுணுத்தாலும் அப்பாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். எட்டுக்கு எட்டு அறையில் எட்டு பேர் இருக்கிற மாதிரி இருந்தது என் நிலைமை. எந்தப் பக்கம் திரும்பினாலும் யாராவது ஒருவரின் முழங்கை.

வேலை இதுதான். டிராம்பே பக்கத்துக் கம்பெனிகளிலிருந்து படிவங்கள் கட்டுக்கட்டாக வரும். அதில் உள்ள எண்களை நாங்கள் பச்சை எழுத்துத் திரையில் அடிக்க வேண்டும். ஆறு பேர் ஆபரேட்டர்கள். நான் பாதி நேரம் ஆபரேட்டர், பாதி நேரம் புரோகிராமர். ஏழு டெர்மினல்களும் ஒரே மிஷினில் கோத்திருந்தன. பெயர் சொல்லிக் கூப்பிடுவது அங்கே வழக்கமில்லை. எங்கிருந்து வருகிறாளோ அதுவே அவள் பெயர். நான் மாட்டுங்கா. இரண்டு டோம்பிவிலிகள் இருந்தார்கள், பெரிய டோம்பிவிலி, சின்ன டோம்பிவிலி. மாஹிமிலிருந்து வந்த பத்தொன்பது வயசுக்காரி மாஹிம், என்னை இந்தியில் தீதி என்பாள். தாராவியிலிருந்து வந்தவரை மட்டும் எல்லோரும், மராட்டிக்காரிகள்கூட, அக்கா என்றுதான் கூப்பிட்டோம். நாற்பத்தைந்து வயது இருக்கும். நாசரேத் பக்கத்துக்காரர். கம்ப்யூட்டருக்கு முந்தைய காலத்தில், அட்டையில் ஓட்டை போடும் மிஷினில் பல வருஷம் வேலை பார்த்தவர். வீட்டில் கணவர் படுக்கையில், ஒரே மகள் பள்ளிக்கூடத்தில்.

பூட்டிய அறைக்குள் ஒரு மணி நேரம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தால் சண்டைதான் வரும். வந்தது. ஊறுகாய் பாட்டிலுக்காக இரண்டு டோம்பிவிலிகளும் ஒரு வாரம் பேசிக்கொள்ளவில்லை. அப்போதுதான் எனக்குத் தோன்றியது, ஏழு டெர்மினலும் சேர்ந்தாற்போல் ஒரு ஆட்டம் எழுதினால் என்ன? இங்கே ஒருத்தி தட்டினால் மற்ற ஆறு திரையிலும் அது நகர வேண்டும். இப்போது ஆன்லைன் கேம் என்று பெரிய பெயரெல்லாம் வைத்திருக்கிறார்கள். எங்களுக்கு அது 'லோக்கல்' விளையாட்டு, பம்பாயின் மின்சார ரயிலுக்கு அதுதான் பெயர். திரையில் ஒரு ரயில் பெட்டி, மூன்று பேர் உட்காரும் ஒரே பெஞ்சு. நாங்கள் ஏழு பேரும் ஏழு எழுத்துகள். ஆளுக்கு ஒரு எண் வரும், அதைத் தப்பில்லாமல் அடித்தால் உன் எழுத்து ஒரு அடி முன்னே போகும். முதலில் போனவளுக்கு ஜன்னல். ஜன்னல் கிடைத்தவள் ஜெயித்தாள். அவ்வளவுதான்.

முதல் வாரம் ஒரே கூச்சல், சிரிப்பு. இரண்டாவது வாரம் மாஹிமைத் தவிர யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அந்தப் பெண்ணுக்கு விரலா அது! படிவத்தைப் பார்க்கிற மாதிரியே தெரியாது, எண்கள் கொட்டும். ஒவ்வொரு ஆட்டத்திலும் ஜன்னல் அவளுக்கே. மூன்றாவது வாரம் ஆட அவளும் நானும் மட்டும் மிச்சம். "என்னா தீதி, எல்லாரும் பயந்துட்டாங்களா? ஆளே இல்லாம போர் அடிக்குது," என்று அலுத்துக்கொண்டாள். நான் போய் அக்காவைக் கெஞ்சினேன்.

"எனக்கு வேண்டாம் பிள்ள," என்றார் அக்கா, டிபன் டப்பாவிலிருந்து தலையைத் தூக்காமல். "காலைல கொழாயடில நிக்கேன். பஸ்ஸுல நின்னுக்கிட்டே வாறேன். சாயங்காலம் ரேஷன் கடைல நிக்கேன். ஒரு மணி நேரம் உக்காந்து சோறு திங்கலாம்னா, ஒன் ரயிலுலயும் போயி நிக்கணுமாக்கும்?"

எனக்குச் சுருக்கென்றது. அன்று சாயங்காலமே உட்கார்ந்து புரோகிராமில் கை வைத்தேன். மாஹிமின் எழுத்து மட்டும் இரண்டு எண்ணுக்கு ஒரு அடிதான் நகரும் என்று மாற்றிவிட்டேன். மறுநாள் ஐந்தே நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டாள். "சீட்டிங்! என் காலக் கட்டிப் போட்டுட்டு ஓடச் சொல்றீங்க, இது என்னா நியாயம் தீதி?" என்று கத்தினாள். நானும் விடவில்லை. "நீ ஒருத்தியே ஜெயிச்சிண்டிருக்க நான் எதுக்குடி மெனக்கெடணும்?" என்று கத்தினேன். ஆனால் அவள் கேட்டது நியாயம்தான். வேகமாக அடிப்பவள் வேகமாகத்தான் போக வேண்டும். இல்லையென்றால் அவளுக்கு அங்கே என்ன வேலை? அவளும் சலித்துப்போகக் கூடாது, அக்காவும் நின்றுகொண்டே இருக்கக் கூடாது. இரண்டும் ஒன்றாக நடக்க ஒரு வழி வேண்டும்.

வழியைச் சின்ன டோம்பிவிலிதான் காட்டினாள், தெரியாமல். ரயிலில் லேடீஸ் பெட்டியில் ஒரு வழக்கம் உண்டு. நிற்கிறவள் உட்கார்ந்திருப்பவளிடம் போய், நீங்கள் எங்கே இறங்குவீர்கள் என்று கேட்பாள். தாதர் என்றால் தாதர். கேட்ட அந்த நிமிஷத்திலிருந்து அந்த சீட் அவளுடையது. தாதர் வந்ததும் எழுந்து கொடுத்தே ஆக வேண்டும், வேறு எவளும் அதில் உட்கார முடியாது. உட்கார்ந்தால் அந்தப் பெட்டியே சண்டைக்கு வரும். எழுதாத சட்டம். காலையில் தனக்கு இடம் கிடைத்த கதையை அவள் சொல்லிக்கொண்டிருந்தபோது நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டேன்.

புதிய ஆட்டத்தில் மாஹிம் தன் முழு வேகத்தில் ஓடலாம். ஜன்னலில் உட்காரலாம். ஆனால் நடுவில் நிற்பவர்களில் ஒருத்திக்கு, எங்கே இறங்குவாய் என்று கேட்கும் உரிமை வரும். கேட்டால், இரண்டு ஸ்டேஷன் கழித்து அந்த சீட் அவளுக்கு. கடைசி ஸ்டேஷனில் ஜன்னலில் இருப்பவள்தான் ஜெயித்தவள். கேட்கும் உரிமை யாருக்கு முதலில்? கை மெதுவாக உள்ளவளுக்கு. இதை மட்டும் நான் யாரிடமும் சொல்லவில்லை. ஒவ்வொருத்தியின் வேகத்தையும் புரோகிராம் ரகசியமாகக் குறித்துக்கொண்டு, மெதுவானவளிலிருந்து வரிசையாக ஒரு ஃபைலில் வைத்துக்கொள்ளும். கேட்கும் வாய்ப்பு அதிர்ஷ்டத்தில் வருகிறது என்றே எல்லோரும் நினைத்தார்கள். நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அக்கா முதல் தடவை ஜன்னலில் உட்கார்ந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. திரையில் அவருடைய எழுத்து மெல்ல நகர்ந்து ஜன்னலுக்குப் போய் நின்றது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். "ஏ, நான் ஜெயிச்சிட்டேனா? ஏ பிள்ள, மெய்யாவா?" என்று எழுந்து நின்று கை தட்டினார். அவர் கை தட்டி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பெரிய டோம்பிவிலி தன் டப்பாவிலிருந்து ஒரு லட்டை எடுத்து அவர் வாயில் திணித்தாள். மறுநாள் வந்து சொன்னார், வீட்டில் மகளிடம் சொன்னாராம், அவள் நம்பவில்லையாம். "கம்ப்யூட்டருல நான் ஜெயிச்சேன்னா சிரிக்கா பிள்ள. இன்னும் ரெண்டு தடவ ஜெயிச்சிட்டுப் போயி சொல்லுதேன், பாரு." ஜெயித்தார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில்கூடச் சொல்லியிருக்கிறார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பெரிய சாதனை செய்துவிட்டதாக நினைப்பு.

மாஹிம் சும்மா இருப்பாளா? மெதுவாக அடித்தால் அதிர்ஷ்டம் வருகிறது என்று மோப்பம் பிடித்துவிட்டாள். திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் கொட்டாவி விட்டுக்கொண்டு, ஒற்றை விரலால் அடித்தாள். வியாழன் அன்று பத்து விரலையும் அவிழ்த்துவிட்டாள். கேட்கும் உரிமையும் அவளுக்கே, ஓட்டமும் அவளுக்கே, எல்லா ஜன்னலும் அவளுக்கே. அறை முழுக்கச் சிரித்தது. எனக்கு மட்டும் பற்றிக்கொண்டு வந்தது. என்னை ஒரு பொடிசு முட்டாளாக்குவதா? அந்தக் கோபத்தில்தான் நான் செய்யக் கூடாததைச் செய்தேன்.

விளையாட்டில் நடிக்கலாம். வேலையில் நடிக்க முடியாது. தினமும் கொடுத்த கட்டை முடித்தால்தான் வீட்டுக்குப் போக முடியும். ஆகவே ஒவ்வொருத்தியின் வேகத்தையும் ஆட்டத்திலிருந்து எடுக்காமல், காலையிலிருந்து சாயங்காலம் வரை அவள் அடிக்கும் நிஜ வேலையிலிருந்து எடுக்கும்படி மாற்றினேன். ஒரு மணிக்கு எத்தனை எண், ஒவ்வொருத்திக்கும், ஒவ்வொரு நாளும். மாஹிமின் நடிப்பு அன்றோடு முடிந்தது. அதற்குப் பிறகு ஆட்டம் தராசு முள் மாதிரி நின்றது. மாஹிம் அதிகம் ஜெயித்தாள், ஆனால் வியர்த்து ஜெயித்தாள். வாரத்தில் ஒரு நாளாவது ஒவ்வொருத்திக்கும் ஜன்னல் கிடைத்தது. ஒரு மணி எப்போது ஆகும் என்று காத்திருக்க ஆரம்பித்தோம். கிரில் பூட்டப்படும் சத்தம் கேட்டதும் டெர்மினலுக்கு ஓடினோம் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு திங்கட்கிழமை, கணக்கு சரியாக இருக்கிறதா என்று பார்க்க அந்த ஃபைலை அகலத் தாளில் பிரின்ட் எடுத்தேன். பிரின்டர் கரகரவென்று அடித்துக்கொண்டிருக்கும்போதே வேறு வேலை வந்து கூப்பிட, தாளை அதிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டேன். திரும்பி வந்தால் மேனேஜர் அதைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். ஆறு டெர்மினல், ஆறு வேகம், மெதுவானதிலிருந்து வரிசையாக.

"யாரும்மா இதைப் போட்டது?"

"நான்தான் சார்."

"பலே! மேலேருந்து கழுத்தைப் பிடிக்கறா. புது மிஷின் வரது, ஆபரேட்டர்ல ஒரு ஆளைக் குறைங்கறா. யாரைன்னு ரெண்டு வாரமா மண்டையை உடைச்சிண்டிருக்கேன். நான் கேக்காமலே நீ போட்டு வெச்சிருக்கே. சமத்து! சனிக்கிழமைக்குள்ள இதுக்கு முந்தின ரெண்டு வாரத்துக் கணக்கையும் சேர்த்துக் குடுத்துடு."

நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். பாராட்டுக்குப் பல்லைக் காட்டினேன். அடுத்த நிமிஷம்தான் தாளின் முதல் வரி கண்ணில் பட்டது. அது அக்காவின் டெர்மினல்.

அந்த வாரம் முழுக்க அந்தத் தாளோடு மல்லுக்கட்டினேன். இது விளையாட்டுக்காகப் போட்ட கணக்கு என்று சொன்னால், ஆபீஸ் மிஷினில் விளையாட்டா என்று ஏழு பேருக்கும் ஆபத்து. சொன்னாலும், எண்கள் பொய் இல்லையே, வேலையிலிருந்து எடுத்தவைதானே. எண்களை மாற்றி எழுதலாம் என்றால், படிவங்களின் எண்ணிக்கை அவரிடமும் இருக்கிறது, ஒத்துப் பார்ப்பார். பிறகுதான் ஒன்று உறைத்தது. அக்கா ஏன் மெதுவு? படிவத்தைப் படித்துப் படித்து அடிப்பார். அவர் அடித்ததில் தப்பே வராது. ஆட்டத்துக்கு வேகம் மட்டும் போதும் என்பதால் நான் தப்பைக் கணக்கில் எடுக்கவே இல்லை. இந்தத் தடவை அதையும் எடுத்து, கெட்டிக்காரர் முதலில் வரும்படி போட்டுப் பார்த்தேன். அக்கா விறுவிறுவென்று மேலே போய்விட்டார். கீழே யார் வந்து நின்றது? மாஹிம். வேகமாக அடிப்பவள், தப்பும் வேகமாக அடிக்கிறாள். வேலை போனால் மறு மாதமே அவளைக் காயல்பட்டினத்தில் ஒரு கடைக்காரருக்குக் கட்டிக் கொடுத்துவிடுவார்கள், அவளே சொல்லி அழுதிருக்கிறாள். ஒரு தப்புக்கு எத்தனை எண்ணைக் கழிப்பது என்ற எடையைக் கொஞ்சம் குறைத்தேன். பெரிய டோம்பிவிலி அடியில் வந்தாள். இன்னும் குறைத்தேன். மறுபடி அக்கா. ஆட்டத்தில் ஏழு பேரையும் உட்கார வைக்க எனக்குத் தெரிந்தது. இங்கே எந்த எடையைப் போட்டாலும் ஒருத்தியின் கழுத்தில் கத்தி விழுந்தது. கண்றாவி, அதைப் போடுவதும் என் கை.

வீட்டில் அப்பாவிடம் மெதுவாக ஆரம்பித்தேன். பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல், "மாமா சொன்னதைப் பண்ணிட்டுப் போயேன். நமக்கெதுக்கு ஊர்வம்பு?" என்றார். அம்மா இன்னொரு கரண்டி ரசம் விட்டாள். அவ்வளவுதான் எங்கள் வீட்டு ஆலோசனை.

வெள்ளிக்கிழமை எனக்கு ஒரு வழி கிடைத்தது. அந்தப் பட்டியலில் நான் இல்லை. பாதி நாள் புரோகிராம் எழுதுவதால் என்னை விட்டுவிட்டிருந்தேன். என்னையும் சேர்த்தேன். பாதி நாள் வேலைக்கு எத்தனை எண் வரும்? எல்லோருக்கும் அடியில், தன்னந்தனியாக, நான். அவர்களே என்னை அனுப்பினால் பாண்டு செல்லாது, சர்டிபிகேட்டைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். கொஞ்சம் தியாகம், நிறைய சுயநலம், ஒளிப்பானேன்? தாளை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போகும்போது எனக்குக் காலே தரையில் பாவவில்லை.

அவர் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். பேனாவை எடுத்து என் வரியை ஒரே கோடாக அடித்தார். "அசடு! லிஸ்ட் போடறவளை லிஸ்ட்ல சேப்பாளோ? இனிமே மாசா மாசம் இதை நீதான் போடணும். உன்னை விட்டா எனக்கு யாரும்மா?" தப்புகளைப் பற்றிச் சொல்லிப் பார்த்தேன். தப்பைத் திருத்த ஆள் இருக்கு, வேகத்துக்குத்தான் ஆள் இல்லை என்றுவிட்டார். இன்னும் ஒரு வார்த்தை அழுத்திச் சொல்லியிருக்கலாம். சொன்னால் மாஹிம் போவாள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பயம், வேறொன்றுமில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் மேனேஜர் அக்காவை உள்ளே கூப்பிட்டு, இனி வேலை இல்லை என்று சொல்லிவிட்டார். அக்கா வெளியே வந்து, தன் டெர்மினலைச் சேலைத் தலைப்பால் துடைத்தார். மற்றவர்கள் அழுதார்கள், மாஹிம் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவர் அழவில்லை. எல்லோரும் போன பிறகு, செருப்பு வைக்கும் இடத்தில் நான் அவருக்காகக் காத்திருந்தேன்.

"கம்ப்யூட்டரே சொல்லிட்டாம்ல," என்றார், வாரைப் போட்டுக்கொண்டே. "மனுசன் சொன்னா சண்ட போடலாம். இதுகிட்ட என்னத்தச் சொல்ல?"

எனக்குத் தாங்கவில்லை. "கம்ப்யூட்டர் இல்லை அக்கா. நான்தான். அந்தக் கணக்கு நான் போட்டது," என்று கொட்டிவிட்டேன். விளையாட்டுக்காகத்தான் போட்டேன், நீங்கள் நின்றுகொண்டே இருக்கக் கூடாது என்றுதான் போட்டேன், கை மெதுவாக உள்ளவருக்கு முதலில் சீட் கேட்கும் உரிமை வருகிற மாதிரி எழுதியிருந்தேன் என்று மூச்சு விடாமல் சொன்னேன். திட்டுவார், ஒரு அறை விட்டாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன்.

அவர் திட்டவில்லை. நான் சொன்னதை மெதுவாக, படிவம் படிக்கிற மாதிரி, உள்ளே வாங்கிக்கொண்டிருந்தார்.

"அப்போ நான் ஜெயிச்சதுல்லாம் நீ குடுத்ததா?"

"இல்லக்கா..."

"எம் மவகிட்ட சொன்னேனே பிள்ள. சர்ச்சுல சொன்னேனே." குரல் அப்போதுதான் உடைந்தது. "வேல போனா போவுது, இன்னொரு எடத்துல கேப்பேன். ஒண்ணுகூடவா நெசமில்ல?"

"இருக்கு அக்கா. நீங்களே ஜெயிச்சது இருக்கு. சத்தியமா."

"எது?"

ஏழு பேரின் வேகமும் எனக்கு மனப்பாடம். எந்த ஜன்னல் கையால் வந்தது, எது என் புரோகிராம் தூக்கிக் கொடுத்தது என்பதை மட்டும் நான் எங்கேயும் குறித்து வைக்கவில்லை. அது தேவைப்படும் என்று தோன்றவே இல்லை. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"போன வாரம்," என்றேன். "செவ்வாய்க்கிழமை ஜெயிச்சேளே, அது."

அக்கா விரல் மடக்கி எண்ணினார். இரண்டு தடவை எண்ணினார்.

"செவ்வாக்கெழம நான் வரவே இல்லையே பிள்ள," என்றார்.